றோ.க. பாடசாலையும் ரீலோட் காட்டும்

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. கொரோனாவால் நாளையிலிருந்து இலங்கை முழுக்கப் பாடசாலைகள் பூட்டு, ஏப்ரல் 20 திறக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். திருத்தாத கொப்பிக் கட்டுகள் அதிபரின் அறையில் கிடந்தன. பாதிப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் வகுப்பறை அலுமாரிக்குள். எட்டு நாள் கழித்து, மார்ச் 20 பின்னேரம், ஊரடங்கு வந்தது. அலுமாரித் திறப்பு யாரிடம் என்று தேடுவதற்குக்கூட ஆள் வெளியே போக முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஆசிரியர்களே தடுமாறுகிறார்கள். 2020 ஜூலையில் 5, 11, 13ஆம் தரங்களுக்குத் திறந்து, ஒரு கிழமையில் மூடினார்கள். ஓகஸ்டில் திறந்தார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி வந்ததும் மூடினார்கள். 2021 ஜனவரியில் மேல்மாகாணம் தவிர்ந்த இடங்களில் திறந்தார்கள். ஏப்ரல் கடைசியில் மூடியவர்கள் ஒக்டோபர் 21 வரை திறக்கவில்லை. அன்றைக்கும் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் மட்டும்தான். வன்னியில் அப்படிப்பட்டவை நிறைய. கொழும்பின் பெரிய கல்லூரிகளுக்கு முன்னமே எங்கள் குளக்கரைப் பள்ளிக்கூடங்களில் மணி அடித்தது. ஆளில்லாத பள்ளிக்கூடம் என்று மூடச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நினைவிருக்கட்டும்.

2020 ஜனவரியில் தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளையைத்தான் நான் அடிக்கடி நினைப்பது. இரண்டு மாதம் படித்தது. மற்ற எல்லாம் துண்டு துண்டாக. அந்தப் பிள்ளை 'அ' எழுதப் பழகியது யாரிடம்?

*

கொழும்பில் கத்தோலிக்கப் பாடசாலை என்றால் உயர்ந்த மதில், கிரிக்கெட் மைதானம், கட்டணம். வன்னியில் அப்படி இல்லை. இங்கே அது அரசாங்கப் பாடசாலை. பெயர்ப் பலகையில் மட்டும் 'றோ.க.த.க. பாடசாலை' என்று இருக்கும்: றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். இரணைப்பாலையிலும் இரணைதீவிலும் அந்தப் பெயர் நிற்கிறது. கிளிநொச்சியில் புனித திரேசா பெண்கள் கல்லூரி. வவுனியா இறம்பைக்குளத்தில் அந்தோனியார் கோயிலும் மகளிர் பாடசாலையும் பக்கத்துப் பக்கத்தில். பெயரில் புனிதர், சம்பளம் மாகாணக் கல்வித் திணைக்களம், வளவுக்கு அடுத்த பக்கம் கோயிலும் மடமும்.

இந்த இரட்டைக் குடித்தனத்துக்குக் காரணம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும். சிறிமாவோ அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போல ஒருசில தனியாரிடமே நின்றன. கிராமங்களில் இருந்தவை அரசிடம் போயின. அப்போது தெற்கில் கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளுக்குள் போய்க் குடியிருந்து காவல் காத்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசித்தான் அது தணிந்தது. அறுபது வருடம் கழித்து, பள்ளிக்கூடம் பெற்றோரின் வீட்டுக்குள் குடிவந்தது. இந்தத் தடவை சமரசம் பேச ஆள் இல்லை.

நிர்வாகத்தில் இன்னொரு சிக்கல். திருச்சபைக் கணக்கில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் மறைமாவட்டம்; வவுனியா, 1981இல் பிரிந்த மன்னார் மறைமாவட்டம். கல்விக் கணக்கில் வலயங்கள் வேறு. வலயக் கல்விப் பணிமனையின் சுற்றறிக்கை ஒரு பாதையால் வரும், ஆயர் இல்லத்தின் அறிவித்தல் இன்னொரு பாதையால் வரும். இரண்டும் சந்திக்கிற இடம் பங்குத்தந்தையின் விறாந்தை.

*

"ரீச்சர், போன் அப்பாவோட கடலுக்குப் போயிட்டுது."

"எப்ப வருவார்?"

"விடிய."

தொலைக் கல்வி பற்றி வந்த எல்லா அறிக்கைகளையும்விட இந்த மூன்று வரியில் விஷயம் கூட. அரசாங்கம் கேட்ட கேள்வி, வீட்டில் ஸ்மார்ட் போன் உண்டா என்பது. ஓம் என்று எழுதினால் அந்த வீட்டில் நான்கு பிள்ளைகளும் 'இணைக்கப்பட்டவர்கள்'. போன் எந்த நேரம் எங்கே இருக்கிறது, யாருக்கு முதலில் பரீட்சை, ரீலோட் காட் போட யாரிடம் நூறு ரூபா இருக்கிறது என்று படிவத்தில் நிரல் இல்லை.

நடைமுறை இப்படி: காலை எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் பாடம் வரும். கரும்பலகையில் எழுதிப் படம் பிடித்த பக்கங்கள், ஐந்து நிமிட குரல் பதிவு, ஒரு பயிற்சித்தாள். பிள்ளை இரவு எட்டு மணிக்கு, தகப்பன் சாப்பிட்டு முடிந்து போனைக் கையால் விட்ட பிறகு, அதைத் திறக்கும். அதற்குள் குழுவில் நூற்றுக்கு மேல் செய்தி. அரைவாசி 'குட் மோர்னிங் ரீச்சர்'. பூக்கள். கும்பிட்ட கைகள். பயிற்சித்தாளைத் தேடி மேலே இழுத்து இழுத்து டேட்டா முடிந்துவிடும்.

சூம் வகுப்பு உயர்தரப் பிள்ளைகளுக்குத்தான் ஓரளவு நடந்தது, அதுவும் ரவுணுக்குக் கிட்ட. ஒட்டுசுட்டானுக்கு அங்கால், துணுக்காய்ப் பக்கம், 'கவரேஜ்' கிடைக்கிற இடம் என்று ஊருக்கு ஒன்று இருக்கும்: குளக்கட்டு, தண்ணீர்த் தாங்கி, வீதியோரப் பாலம். ஊவாவில் போகித்தியாவ என்ற ஊரில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே நடந்து பாறை உச்சிக்குப் போய்ப் பாடம் அனுப்பிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. அந்தப் படத்தைப் பார்த்து இங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்களிடம் பாறை இல்லை, குளக்கட்டு இருந்தது. யானை வருகிற குளக்கட்டு.

*

கடைசியில் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கடதாசி.

இதை ஒரு தோல்வியாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. பாடசாலையின் போட்டோக் கொப்பி மெசினுக்கு மை வாங்கக் காசில்லாதபோது கன்னியர் மடத்து மெசின் ஓடியது. ஒரு வாரத்துப் பயிற்சிகளைத் தரவாரியாகக் கட்டி, பெயர் எழுதி வைப்பார்கள். ஊரடங்கு தளர்த்தும் நாளில் பெற்றோர் சாமான் வாங்க வருவார்கள். வருகிற வழியில் கோயில் மண்டபத்தில் எடுத்துக்கொண்டு, போன வாரத்தாளை வைத்துவிட்டுப் போவார்கள். வைத்ததைத் தொடாமல் மூன்று நாள் ஒரு மூலையில் கிடக்கவிட்டுத்தான் திருத்துவது. அப்போது கடதாசியிலும் கொரோனா ஒட்டும் என்று எல்லோருக்கும் பயம்.

ஒரு விஷயம் இதில் முக்கியம். எந்த வீட்டுப் பிள்ளையின் தாள் வரவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மேசையில் எடுக்காமல் கிடக்கும் கட்டுத்தான் வரவுப் பதிவேடு. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழுந்தால் 'பார்த்தாயிற்று' என்று அர்த்தம். யார் பார்த்தது என்று யாருக்குத் தெரியும்? தாள் எடுக்கப்படாத வீட்டுக்கு மறையாசிரியர் சைக்கிளில் போனார். படலையில் நின்று கூப்பிட்டார். அந்த வீட்டில் தாய்க்குச் சுகமில்லை, அல்லது சாப்பாட்டுக்கு வழியில்லை, அல்லது மூத்த பெடியன் கச்சான் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறான். பாடம் கேட்கப் போனவர் அரிசிப் பையோடு திரும்பப் போக வேண்டியிருந்தது.

மறையாசிரியர் என்றால் சம்பளம் இல்லாத ஆள். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் இளம் பெண்கள், பெடியன்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் படலையோடு தெரிந்தவர்கள் அவர்கள். வலயக் கல்விப் பணிமனையிடம் இல்லாத வரைபடம் அவர்கள் தலைக்குள் இருந்தது. வன்னியில் கத்தோலிக்கப் பாடசாலைச் சமூகம் மற்றப் பள்ளிகளைவிடக் கொஞ்சம் சமாளித்தது என்றால் பக்தியால் அல்ல, இந்த வரைபடத்தால்தான்.

*

இன்னொன்று, பின்னேரச் செபமாலை. ஏழு மணிக்குக் குடும்பம் முழுதும் பாயில் உட்காரும் பழக்கம் இந்த வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. ஒரு சிஸ்டர் தாய்மாருக்குச் சொல்லிவிட்டார்: "செபம் முடிஞ்ச கையோட எழும்பவிடாதேங்கோ. அதே பாயில கொப்பியை எடுக்கச் சொல்லுங்கோ. அரை மணித்தியாலம் போதும்." நேர அட்டவணை என்று பாடசாலை அனுப்பிய நாற்பது நிமிடப் பாடவேளைகளை ஒருவரும் பின்பற்றவில்லை. இந்த அரை மணித்தியாலம் நின்றது. பல வீடுகளில் ஒழுங்காக நடந்த ஒரே வகுப்பு அதுதான்.

*

கத்தோலிக்கப் பாடசாலை என்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள் இருக்கிற றோ.க. பாடசாலைகளும் உண்டு. கோயில் மண்டபத்துக்கு வரச் சங்கடப்படுவார்களோ என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. ஒருவரும் சங்கடப்படவில்லை. ஆனாலும் ஒரு இடத்தில் தாள்கட்டைப் பிள்ளையார் கோயில் ஐயரிடமும் கொடுத்து வைத்தார்கள், கிட்ட இருக்கிற வீடுகளுக்கு. ஐயர் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தரம் நான்கு கணிதம் வைத்திருந்தார்.

*

2019 உயிர்த்த ஞாயிறை மறந்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. அந்த ஏப்ரல் 21 குண்டுகளுக்குப் பிறகு ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. 28ஆம் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்திலிருந்து ஒப்புக்கொடுத்த திருப்பலியை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. பாடசாலை திறந்தபோது வாசலில் புத்தகப்பைச் சோதனை. அடுத்த வருடம் 2020 பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்பு எல்லாம் ஊரடங்குக்குள். மார்ச் 27 மழையில், வெறுமையான ராயப்பர் சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் தனியே நின்று செபித்ததைப் போனில் பார்த்த பிள்ளைகள் இங்கேயும் இருந்தார்கள். கோயிலுக்குப் போகாமல் கோயிலை வைத்திருப்பது எப்படி என்று இந்தச் சனம் ஒரு வருடம் முன்கூட்டியே பழகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பள்ளிக்கூடத்தை வைத்திருப்பதற்கு அது கொஞ்சம் உதவியது என்று நினைக்கிறேன்.

*

வானொலியை ஏன் விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தொலைக்காட்சியில் பாடம் போனது. நேத்ராவில் தமிழிலும் போனது. நல்ல ஆசிரியர்கள். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் ரீவி வேண்டும், அலை பிடிக்க வேண்டும், அதே தரத்துப் பாடமாக இருக்க வேண்டும். வானொலிக்கு ஒரு சின்னப் பெட்டி போதும்.

வன்னி வானொலி கேட்ட நாடு. 1990களில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்பார்கள். பி.பி.சி. தமிழோசை, அடுத்து மணிலாவிலிருந்து வெரித்தாஸ். வெரித்தாஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆசிய வானொலி. வன்னியில் அதைக் கேட்டவர்களில் கத்தோலிக்கர் சிறுபான்மை. 2018இல் அது சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. இரண்டு வருடத்தில் கொரோனா. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்களுக்குப் பாடம் நடத்தக்கூடிய ஒரு கத்தோலிக்க வானொலி, தேவைப்பட்ட நேரத்தில், அலைவரிசையில் இல்லை.

இது கற்பனை யோசனை அல்ல. 1947இல் கொலம்பியாவில் சுதாதென்சா என்ற மலைக் கிராமத்தில் ஹொசே ஹொவாகின் சால்செதோ என்ற இளம் குருவானவர் ஒரு சிறு ஒலிபரப்பியை வைத்துத் தொடங்கியதுதான் அங்கே பெரிய வானொலிப் பள்ளியாக வளர்ந்தது. விவசாயக் குடும்பங்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துப் பழகின. ஒவ்வொரு வீட்டுக் குழுவுக்கும் எழுத்துத் தெரிந்த ஒருவர் உதவியாள். 2014இல் எபோலா வந்தபோது சியராலியோன் பாடசாலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. அங்கேயும் வானொலிப் பாடம்தான். இங்கே ஊருக்கு ஊர் கோயில் ஒலிபெருக்கி இருந்தது. மே மாதம் மாதா வணக்கத்துக்கு, திருநாளுக்கு, செத்தவீட்டு அறிவித்தலுக்குப் பாவித்தார்கள். சில இடங்களில் தாள்கட்டு வந்திருக்கிறது என்று அறிவிக்கவும் பாவித்தார்கள். பாடம் சொல்லப் பாவிக்கவில்லை. வாய்ப்பாடு, சொல்வதெழுதல், ஆங்கிலச் சொற்கள்: பத்து நிமிடம் தினமும் போட்டிருக்கலாம். பிள்ளைகள் முற்றத்தில் இருந்து எழுதியிருப்பார்கள்.

*

வீட்டிலிருந்து கற்றல் என்றால் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பிறகு வன்னியில் கட்டிய வீடுகளில் பல இந்திய வீட்டுத் திட்டத்து வீடுகள். வடக்கு கிழக்கில் 46,000 வீடு, ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். அத்திவாரம் முடித்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. சாமான் விலை ஏறியதில் கையிலிருந்து போட்டவர்கள், கடன்பட்டவர்கள், பூசாமலே குடிபுகுந்தவர்கள் பலர். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. அதில் அம்மம்மா, தாய், மூன்று பிள்ளைகள். தகப்பன் இல்லாத வீடுகள் கணிசம். ஏன் இல்லை என்று வன்னியில் கேட்கக்கூடாது. மேசை என்று ஒன்று இருந்தால் அதில் தையல் மெசின் இருக்கும். பிள்ளை எழுதுவது நிலத்தில் குப்புறப் படுத்து, அல்லது தையல் மெசின் ஓயும் நேரத்தில்.

பெற்றோர் உதவ வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. 2020இல் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாராக இருந்தவர்கள் யார்? 1990களிலும் 2000களிலும் வன்னியில் படித்தவர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் பலர். 2009இல் ஓ.எல். எடுக்க வேண்டிய வயதில் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். மகளின் தரம் ஆறு கணிதத் தாளைப் பார்த்துவிட்டு ஒரு தாய் சொன்னது: "எனக்கும் சேத்துத்தான் ரீச்சர் படிப்பிக்கோணும்."

*

'ஷெல்லுக்குள்ள படிச்ச சனத்துக்குக் கொரோனா ஒரு பொருட்டோ' என்று மேடைகளில் சொல்கிறார்கள். கைதட்டும் கிடைக்கிறது. சரியில்லாத பேச்சு.

இடப்பெயர்வில் கட்டடம் போனது, பள்ளிக்கூடம் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து, மன்னாரிலிருந்து, பிறகு கிளிநொச்சியிலிருந்து வந்த பாடசாலைகள் வேறு பாடசாலையின் வளவில், பின்னேர நேரத்தில், மரத்துக்குக் கீழே, தறப்பாளுக்குள் நடந்தன. வகுப்புத் தோழர் பக்கத்தில் இருந்தார். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் தனியே படிக்கவில்லை. ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். வினாத்தாள்கள் கொழும்பிலிருந்து எல்லை கடந்து வந்தன, பரீட்சை நடந்தது. ஆசிரியரும் பிள்ளையோடு இடம்பெயர்ந்தார்.

2020இல் கட்டடம் புதிதாக, பெயின்ற் அடித்து, அப்படியே நின்றது. பிள்ளைகள் தனித்தனியே வீட்டுக்குள். இது வன்னிக்கும் புதிய அனுபவம்தான். பதுங்குகுழிக்குள்ளும் கூட்டமாக இருந்து பழகிய ஊருக்கு விலகி இருக்கச் சொன்னது விளங்கவே கொஞ்ச நாள் எடுத்தது.

*

இரணைதீவு. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

பூநகரிப் பிரதேசத்துக்கு மேற்கே கடலில் இருக்கும் தீவு. கத்தோலிக்க மீனவக் கிராமம். 1992இல் சனம் வெளியேற்றப்பட்டு, முழங்காவிலுக்கு அருகே இரணைமாதாநகரில் குடியிருந்தது. தீவு கடற்படையிடம். 2017 மே மாதம் தொடங்கிப் போராடி, ஒரு வருடம் ஆகியும் பதில் இல்லாததால் 2018 ஏப்ரல் 23 தாங்களே படகுகளில் ஏறிப் போய்க் கோயிலில் இறங்கிக் குந்திவிட்டார்கள். பிறகுதான் அனுமதி. ஆனால் தொழில் தீவில், பள்ளிக்கூடம் கரையில். தாய் தகப்பன் மீன்வாடியில் நிற்க, பிள்ளைகள் இரணைமாதாநகரில் அம்மம்மாவோடு நிற்கிற குடும்பங்கள் உண்டு. வீட்டிலிருந்து கற்றல் என்று வந்தபோது அந்தப் பிள்ளைக்கு எந்த வீடு?

2021 மார்ச் 2. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்கத்தான் வேண்டும் என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடிவாதமாக நின்ற அரசாங்கம், பெப்ரவரி 25 வர்த்தமானியில் புதைக்க அனுமதித்துவிட்டு, புதைக்கும் இடமாக இரணைதீவை அறிவித்தது. 3ஆம் திகதி சனம் வீதிக்கு வந்தது. குருவானவர்களும் நின்றார்கள். அவர்கள் சொன்னது கவனமான வார்த்தை: முஸ்லிம் சகோதரரின் அடக்க உரிமைக்கு நாங்கள் எதிர் அல்ல, அவர்கள் விரும்பும் அவர்களின் ஊரிலேயே அடக்கம் செய்ய விடுங்கள், கேட்காமல் எங்கள் தீவை எடுக்காதீர்கள். 5ஆம் திகதி முதல் அடக்கங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் நடந்தன.

அந்தக் கிழமை இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. டிசெம்பரில் நடக்க வேண்டிய 2020 ஓ.எல். பரீட்சை தள்ளித் தள்ளி மார்ச் 1இல் தொடங்கி 11 வரை நடந்தது. நாடு முழுக்க ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். இரணைமாதாநகரில் பதினொராம் தரம் படித்த பிள்ளை காலையில் பரீட்சை எழுதிவிட்டு வர, தாய் பதாகையோடு கோயிலடியில் நின்றிருப்பார். ஒரு வருடம் கொப்பியில்லாமல், போனில்லாமல் படித்து, கடைசிக் கிழமையில் இது. பெறுபேற்றுத் தாளில் இதற்கு ஒரு நிரல் கிடையாது.

*

2021 மே. புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி. 17ஆம் திகதி இரவு புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, முல்லைத்தீவு பொலிஸ் பிரிவுகளை முடக்கினார்கள். விடிந்தால் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

*

அதே வருடம் ஜூலை 8. கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் கைதுசெய்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. பிணையில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தல் என்று சொல்லி ஏற்றிக்கொண்டுபோன இடம் முல்லைத்தீவு விமானப்படை முகாம். கேப்பாபுலவு மக்கள் காணிக்காக மாதக்கணக்கில் வாசலில் குந்தியிருந்த பகுதி அது. ஜூலை 12 முதல் நாடு முழுக்க ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். 1997இலிருந்து தீராத சம்பள முரண்பாடு. ஒக்டோபர் 25இல்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

வேலைநிறுத்தம் நியாயம். டேட்டாவுக்குத் தன் சம்பளத்தில் காசு போட்டு, தன் போனில், தன் வீட்டுக் குசினியில் நின்று படிப்பித்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை. ஆனால் வன்னியில் அதன் விலையைக் கொடுத்தது, மற்ற எல்லாம் போல, பின்வரிசைப் பிள்ளைதான். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரியூசன் சேர் சூமில் வந்தார். தாள்கட்டும் நின்றுபோன மாதங்கள் அவை. சில இடங்களில் மறையாசிரியர்களும் ஏ.எல். முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பிள்ளைகளும் சின்ன வகுப்புகளுக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். சங்கத்து ஆசிரியர்கள் இதைக் கண்டும் காணாமல் விட்டார்கள். நல்ல மனிதர்கள்.

*

வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கத்தினர் ரப் கணினிகள் அனுப்பினார்கள். ரொறொன்ரோவிலிருந்து, பாரிசிலிருந்து. நன்றி. படம் எடுத்துப் போட்டார்கள். சில மாதத்தில் பல ரப்புகள் அதிபரின் அலுமாரிக்குள் போயின: சார்ஜர் உடைந்தது, சிம் இல்லை, களவு போனால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தக் காசில் பாதியைப் போட்டோக் கொப்பி மைக்கும் கடதாசிக்கும், மறையாசிரியரின் சைக்கிள் ரயருக்கும் தந்திருந்தால் இன்னும் பல வீட்டுக்குப் பாடம் போயிருக்கும். ஆனால் சைக்கிள் ரயரை யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள்.

*

முடிந்தது என்று நினைத்தோம். 2022இல் கடதாசியே இல்லாமல் போனது. மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். பிறகு பெற்றோல் இல்லை. ஜூலையில் பாடசாலை மறுபடி பூட்டு. 25ஆம் திகதி திறந்தபோது கிழமைக்கு மூன்று நாள். புதனும் வெள்ளியும் வீட்டில். பரந்தனிலிருந்து முழங்காவிலுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியை எரிபொருள் வரிசையில் நின்றார். இந்தத் தடவை ஒருவரும் சூம் பற்றிப் பேசவில்லை. தாள்கட்டு உடனே தொடங்கியது. எந்தப் படலைக்கு யார் போவது என்று கேட்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

*

பங்குகளின் ஆண்டு மலர்கள் இப்போது மறுபடி வருகின்றன. ஆயரின் ஆசிச்செய்தி, கூரை திருத்திய கணக்கு, திருநாள் உபயகாரர் பட்டியல். பாடசாலை மலர்களில் 2020, 2021 ஒரு பந்தியில் முடிந்துவிடுகிறது: 'பெருந்தொற்றின் மத்தியிலும் கற்றல் செயற்பாடுகள் சிறப்பாக முன்னெடுக்கப்பட்டன.' சிறப்பாக இல்லை. முன்னெடுத்தவர்கள் யார் என்றும் அதில் இல்லை.

மலர் போடுகிற அதிபர்களுக்கும் பங்குத்தந்தையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2020 மார்ச் வரவுப் பதிவேட்டையும் 2021 நவம்பர் வரவுப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பிள்ளைகளை, வேறு பாடசாலைக்குப் போனவர்களைக் கழித்துவிட்டு, எண்ணுங்கள். அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது வளர்ந்த ஆட்கள். வாடியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்பார்கள். பெயரைப் போட வேண்டாம். எத்தனை பேர் என்று போடுங்கள். அவர்களில் ஓ.எல். எழுத விரும்புகிறவர்களுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற வழி இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஒரு மறையாசிரியரை அந்தப் படலைக்கு இன்னொரு தடவை அனுப்புங்கள்.